மீன் தொட்டியை மூன்று முறை கடந்தோம்

என் உயர்நிலைப்பள்ளியில் மீன் தொட்டி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏ புளோக் என்ற கட்டடத்தின் அடியில், கேண்டீனுக்குத் திரும்பும் மூலையில் வைத்திருந்தார்கள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் பெரிய மீன் ஒன்று, யாரிடமோ கோபித்துக்கொண்டதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஓயாமல் சுற்றிவரும். அந்தத் தொட்டியை அன்றைக்கு நானும் அம்மாவும் மூன்று முறை கடந்தோம். வழி தெரியாமல் இல்லை. நான் வேண்டுமென்றே அம்மாவை அலைக்கழித்தேன். பதின்மூன்று வயதில் எனக்கு இருந்த மூளைக்கு அது ஒரு மாபெரும் திட்டம்.

முதலில் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருந்த செங்காங்கில் நான் படித்த தொடக்கப்பள்ளி எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்தே தெரியும். அங்கே தொலைந்துபோக வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால்கூட முடியாது. உயர்நிலைப்பள்ளியோ நகரத்துக்குள் இருந்தது. ஏ முதல் இ வரை ஐந்து புளோக்குகள். இரண்டாம் மாடியில் எல்லாவற்றையும் இணைத்து ஒரு பாலம். நாலாம் மாடியிலும் பாலம் உண்டு, ஆனால் சி புளோக்குக்கு மட்டும் கிடையாது. ஏன் இல்லை என்று யாருக்கும் தெரியாது. சி புளோக்கின் நாலாம் மாடிக்கு ஏறினால் ஏறிய படியிலேயே இறங்கியாக வேண்டும். புதிதாக வந்த எல்லோரும் முதல் வாரத்தில் அங்கே ஏறிப்போய் அசடு வழிய நிற்போம்.

சேர்ந்த அன்று பெற்றோருக்கென்று வழுவழுப்பான ஒரு வழிகாட்டிப் புத்தகம் கொடுத்தார்கள். எந்த அலுவலகம் எங்கே, எதற்கு யாரிடம் பேசுவது, பதின்ம வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பக்குவமாகக் கேட்பது என்று எல்லாம் அதில் இருந்தது. நடுப்பக்கத்தில் வண்ண வண்ணமாக வரைபடம். அப்பா அந்தப் புத்தகத்தின்மேல் சூடான சட்டியை இறக்கிவைத்து அட்டையை வட்டமாகக் கரியாக்கிவிட்டார். அதோடு அவர் பங்கு முடிந்தது. அம்மாதான் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சிவப்புப் பேனாவும் கையுமாகப் படித்தார்.

அம்மாவுக்கு அது பழக்கமான காரியம். தேக்காவில், எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனில்தான் அவருக்கு வேலை. இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் இடம், பல வாசல்கள். நிலத்தடியிலிருந்து ஒரு வாசலில் மேலே ஏறவேண்டியவர் இன்னொன்றில் ஏறிவிட்டால் வெயிலில் அரை மணி நேரம் சுற்றவேண்டியதுதான். தடுப்புக் கதவுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வழி தெரியாமல் விழிப்பவர்களுக்கு வழி சொல்வது அம்மாவின் வேலையில் முக்கால் பங்கு.

அந்த வேலைக்கு அம்மா தானே சில சட்டங்களை வைத்திருந்தார். வழி தொலைத்தவர் முதல் முறை வழிகாட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் போகவே கூடாது. போனால் தெரியும் தெரியும் என்று அவரே நம்மை விரட்டிவிடுவார். இரண்டாம் முறை அதே பலகைக்கு வந்தால், வெட்கத்தை மறைக்க அவர் போனில் பேசுவதுபோல் பாவனை செய்வார். மூன்றாம் முறை வரும்போதுதான் போகவேண்டும். அப்போதும் வழி தெரியவில்லையா என்று கேட்கக்கூடாது, அது குத்திக்காட்டுவதுபோல் இருக்கும். எங்கே போகவேண்டும் என்று மட்டும் கேட்கவேண்டும். வீணான தாள்களைச் சதுரமாக வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். வயதானவர்களுக்கு அதில் வழியை எழுதிக் கொடுப்பார். இடது வலது என்று எழுதமாட்டார், அது அவசரத்தில் மாறிப்போகும் என்பார். கண்ணில் படுவதைத்தான் எழுதுவார். சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் அவர் சொல்லும்போது நானும் அப்பாவும் கண்ணைக் காட்டிச் சிரித்துக்கொள்வோம்.

இனி என் திருட்டுத்தனம். எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தோம். அதனால் தமிழ் வகுப்பு, பல பள்ளிப் பிள்ளைகள் வந்து படிக்கும் ஒரு தமிழ்மொழி நிலையத்தில். புதன்கிழமை சாயங்காலம், பள்ளி முடிந்து ரயிலேறி, தேக்காவுக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போகவேண்டும். முதல் புதன்கிழமை கடைசிப் பாடம் சி புளோக் மூன்றாம் மாடியில், அறிவியல் கூடத்தில். என் பை இருந்தது டி புளோக்கில், எங்கள் வகுப்பறையில். பாலத்தைத் தேடி நாலாம் மாடிக்கு ஏறி, பாலம் இல்லாமல் இறங்கி, வேறு படியில் ஏறி, கடைசியில் பையை எடுத்து ஓடும்போது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வகுப்புக்குள் நுழையும்போது அரை மணி நேரம் தாமதம். ஆசிரியர் அன்பாகத்தான் கேட்டார். நான் பதறிப்போய், "ஸ்கூல்ல வழி தெரியல லா, சார்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. பலவிதமான பள்ளிச் சீருடைகள், ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை, அத்தனை பேரும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் அவர்களும் எங்கள் ஊர்ப் பேச்சுவழக்கில் வாய்க்கு வாய் லா போடுகிறவர்கள்தான். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. செத்துப்போகலாம் என்றிருந்தது.

அடுத்த புதனிலிருந்து நான் போகவில்லை. ரயிலேறுவேன், இறங்கவேண்டிய இடத்தில் இறங்கமாட்டேன். கடைசி ஸ்டேஷனான புங்கோல் வரைக்கும் போவேன், அங்கிருந்து மறுகோடிக்கு வருவேன், மறுபடி புங்கோல். வகுப்பு முடியும் நேரம்வரை இதுவே வேலை. உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நடந்துகொண்டே இருப்பேன். ஒவ்வொரு முறையும் தேக்கா வரும்போது குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டுவேன். மேலே எங்கோ அம்மா யாருக்கோ வழி சொல்லிக்கொண்டு இருப்பார். கதவு மூடியபிறகுதான் நிமிர்வேன்.

வகுப்புக்கு வரவில்லை என்று பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதைத் தமிழ்ப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன். நான் திறக்காத புத்தகத்தை வேறு யார் திறக்கப்போகிறார்கள் என்ற தைரியம். ஆனால் பருவ இறுதியில் பெற்றோர் ஆசிரியரைச் சந்திக்கும் நாள் வந்தது. எங்களுக்குக் கொடுத்த நேரம் நாலு இருபது, பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் வகுப்பாசிரியை வாயைத் திறந்தால் நான் தீர்ந்தேன். அந்தப் பத்து நிமிடத்தைத் தொலைத்துவிட்டால் பிழைத்தேன். முதல் நாளே வழிகாட்டிப் புத்தகத்தின் நடுப்பக்கத்தைக் கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அன்றிரவு அம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், மூடினார், ஒன்றும் கேட்கவில்லை. என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் அம்மா விடியற்காலையில் தொடங்கிய வேலையை முடித்து, சீருடையோடு நேராகப் பள்ளிக்கு வந்தார். வாசலில் நான் காத்திருந்தேன். மணி நாலு பத்து. முதல் முறை மீன் தொட்டியைக் கடந்து பி புளோக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து சி புளோக், அதன் நாலாம் மாடி. அம்மாவுக்குக் குதிகால் வலி உண்டு, நாள் முழுவதும் நிற்கிற வேலை அல்லவா. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு எட்டு முன்னால் ஓடுவேன், திரும்பிப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். மெதுவாக நடந்தால் நேரம் போகும், அது எனக்கு நல்லதுதானே? அப்படியிருந்தும் "கொஞ்சம் வேகமா வாங்களேன்ம்மா" என்று எரிந்து விழுந்தேன். மேலே போய்ப் பாலம் இல்லை என்று பெரிதாகத் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வந்த படியிலேயே இறங்கத் தொடங்கினார்.

இரண்டாம் முறை மீன் தொட்டி. நாலு இருபத்தைந்து. மண்டபத்தைச் சுற்றி, திடலோரமாக நடந்து, இ புளோக்கின் இசை அறைகள்வரை போனோம். வழியில் வேறு பெற்றோர்கள் கையில் வரைபடத்தோடு போனார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அம்மா கேட்கவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். ஏமாற்றுவது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா என்னை நம்பி, நொண்டிக்கொண்டே, எங்கே திரும்பினாலும் திரும்பி வந்துகொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

மூன்றாம் முறை மீன் தொட்டிக்கு வந்தபோது நாலு நாற்பது. அம்மா நின்றார். பக்கத்தில் இருந்த கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிக் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எங்க போகணும்மா?"

திட்டுகிற குரல் இல்லை. அந்தக் கேள்விக்கு டி புளோக் மூன்றாம் மாடி என்று நான் பதில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் அழுகைதான் வந்தது.

"நான் தமிழ் கிளாஸ் போகலம்மா. ரொம்ப வாரமா போகல."

"ம்."

"ட்ரெயின்லயே சுத்திக்கிட்டு இருந்தேன். புங்கோல் போவேன், திரும்பி வருவேன்."

அம்மா பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். "அவ்வளவு நேரமும் சாப்பிடாமலா?"

"ட்ரெயின்ல சாப்பிடக் கூடாதுல்ல."

"அதையாச்சும் ஒழுங்கா செஞ்சியே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் விக்கினேன். சிரித்த வகுப்பு, லா, ஒளித்துவைத்த கடிதம், கிழித்த வரைபடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அம்மா எதற்கும் ஆச்சரியப்படவில்லை. களைப்பு போலும் என்று நினைத்தேன். காலணியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வா, டீச்சர் காத்துக்கிட்டு இருப்பாங்க." அம்மா முன்னால் நடந்தார், நான் மூக்கைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

வகுப்பாசிரியை உண்மையிலேயே காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரவேண்டியவர்களை முன்னால் அனுப்பிவிட்டாராம். அம்மாவின் கையைப் பிடித்து, மறுபடியும் வந்ததற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அம்மா இந்தப் பள்ளிக்குள் கால் வைப்பதே இப்போதுதான். வகுப்பில் இருந்த இன்னொரு இந்தியப் பெண்ணின் அம்மாவோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார், இவர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே முகம் என்று உள்ளுக்குள் பொருமினேன். அம்மா என் தோளைத் தொட்டு, நீயே சொல் என்றார். சொன்னேன். ஆசிரியை எந்தக் கோப்பையும் திறக்காமல் கேட்டுக்கொண்டார். அடுத்த புதன்கிழமை போவாயா என்று மட்டும் கேட்டார். போவேன் என்றேன்.

பேருந்து நிறுத்தத்தில் அம்மா சட்டைப்பையிலிருந்து ஒரு சதுரத் தாளை எடுத்து என் கையில் வைத்தார். நாலாக மடித்திருந்தது. மடிப்புகள் நைந்து, ஓரத்தில் வியர்வை பட்டு மை கலங்கியிருந்தது. அதில் இப்படி எழுதியிருந்தார்:

"புதன். லேப் கதவை விட்டு வந்ததும் மேலே ஏறாதே, சி நாலாம் மாடியில் பாலம் கிடையாது. ரெண்டாம் மாடிக்கு இறங்கு, பாலம் தாண்டினால் டி. பையை எடுத்துக்கொண்டு மீன் தொட்டி வழியாக கேட். ட்ரெயினில் மூணாவது பெட்டி, இறங்கினால் எஸ்கலேட்டர் எதிரேயே இருக்கும். மேலே வந்தால் பச்சை கேட் போட்ட கட்டடம், அதுதான் தமிழ் கிளாஸ். லேட்டானாலும் உள்ளே போ."

நான் அதைப் படித்தேன். கொஞ்சம் முன்புதான் நான் ஏறவைத்த மாடியை அம்மா அதற்குள் குறித்துக்கொண்டுவிட்டார் என்று எண்ணினேன். அன்று சாயங்காலம் முழுவதும் அவர் பேனாவைக் கையில் எடுக்கவே இல்லை என்பதும், ஒரே நாளில் ஒரு தாள் அவ்வளவு நைந்துபோகாது என்பதும் எனக்குத் தோன்றவில்லை. என் பள்ளிக்கு ஒரு நாள் தனியாக வந்து, ஆசிரியையிடம் எல்லாம் கேட்டறிந்து, மாடி மாடியாக, அறிவியல் கூடத்தின் கதவிலிருந்து நடந்து பார்க்காதவரால் அதை எழுதியிருக்க முடியாது. பாலம் இல்லை என்று தெரிந்தேதான் அந்த நாலு மாடியையும் அம்மா என் பின்னால் ஏறினார். திட்டு விழாமல் தப்பித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்க கையெழுத்து ஏம்மா இவ்வளவு கோணலா இருக்கு என்று கேட்டேன். நின்னுக்கிட்டே எழுதினது என்றார் அம்மா.