உளுந்துச் செடியில் நின்ற வண்டி

மணவாளனுக்குத் தொளதொளப்பு ஆகாது. செருப்பு வாரிலிருந்து வண்டிச் செயின் வரை எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும். கடலூர் துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர் அவர். பெட்டியின் மூடி ஒரு நூல் விலகினாலும் உள்ளே கட்டி கரையும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார். கம்பெனியை மூடிய பிறகு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தார். விடிந்ததும் பைக்கில் சிதம்பரம், கிள்ளைப் பக்கம் போய், அங்கங்கே எடுத்து வைத்திருக்கும் ரத்தக் குழாய்களை வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டு, உச்சிவெயிலுக்கு முன் கூடத்தில் சேர்க்க வேண்டும். அதுதான் வேலை.

வண்டியை வழக்கமாகப் பார்ப்பவர் மெக்கானிக் ஜோசப்ராஜ். ஒவ்வொரு தடவையும் செயினை ஒரு விரல் அளவு தளர்த்தி அனுப்புவார். மணவாளன் வீட்டுக்கு வந்து மறுபடி இறுக்கிவிடுவார்.

"செயின் கொஞ்சம் ஆடணும் சார். இப்பிடி இழுத்துக் கட்னா முன்னாடி இருக்கிற சின்னப் பல்சக்கரம், ஸ்பிராக்கெட்டு, அதுதான் அடி வாங்கும்" என்பார் ஜோசப்ராஜ்.

மணவாளன் கேட்டுக்கொள்வார். செய்யமாட்டார்.

அவருடைய மனைவி தமிழ்ச்செல்வியின் தம்பி அருள்முருகனுக்குக் கிள்ளைக்கு இந்தப் பக்கம் நிலம். நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைத்து, பங்குனியில் பிடுங்கி, அந்தப் பக்கத்து வழக்கப்படி செடியோடு தார்ச்சாலையில் பரப்பிவிடுவான். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடையும். சாயங்காலம் தூற்றி அள்ள வேண்டியதுதான் பாக்கி. மூன்று வருடத்துக்கு முன் அந்தச் செடியில் வழுக்கி விழுந்து மணவாளனுக்கு முழங்கால் பெயர்ந்தது. அவர் நேரே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். யாருடைய உளுந்து என்று தெரிந்துதான் எழுதினார். போலீஸ்காரர் நின்று அவ்வளவையும் வாரச் சொன்னார். அன்றிலிருந்து மாமாவுக்கும் மச்சானுக்கும் பேச்சு இல்லை.

இந்தப் பங்குனியில் ஒருநாள் கிள்ளையில் ஒரு கைக்குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள். இரண்டு கையிலும் குத்தி, நரம்பு கிடைக்காமல், கடைசியில் காலில் எடுத்தார்கள். குழந்தை அழுது அழுது நீலம் பாய்ந்துவிட்டது. அதன் அம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தபா குத்த வேண்டியிருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டார் மணவாளன். வழக்கமாக அவர் யாருக்கும் எதையும் உறுதி சொல்வதில்லை.

நாலைந்து நாளாகவே வண்டியின் இடப்பக்கம் கடக் கடக்கென்று ஒரு சத்தம் இருந்தது. செயின் சத்தம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தார். அருள்முருகனின் வயலுக்கு நேரே வந்தபோது சாலையின் முழு அகலத்துக்கும் உளுந்துச் செடி கிடந்தது. ஒதுங்க இடமில்லை. முதல் கியரில் மெதுவாக ஏறினார். பாதிதூரத்தில் உள்ளே ஏதோ சுருட்டி இழுத்தது. எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை.

சாலையோரம் குச்சியால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த அருள்முருகன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மனைவியிடம் சொன்னான்: "ஸ்டேஷனுக்கு எழுதிப் போடுறவங்கல்லாம் நம்ம ரோட்லதான் வராங்க கனி."

மணவாளனும் கனிமொழியைத்தான் பார்த்தார். "பொட்டியில பச்சப்புள்ள ரத்தம் இருக்கும்மா. ஐஸ் கரைஞ்சா திரும்பக் குத்தணும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கான்னு கேளு."

"இருக்குன்னு சொல்லு."

"நான் என்னா ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல செல்போன் டவரா?" என்றாள் கனிமொழி. "நம்ம வண்டியப் பையன் எடுத்துட்டுப் போயிட்டான்ணா. மினி பஸ்ஸும் போயிடுச்சு. பொட்டிய எங்கிட்டக் குடுங்க." பெட்டியை வாங்கி மோட்டார் கொட்டகை நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடினாள். ஸ்பேனர்களையும் அரிவாளையும் எடுத்து வந்தாள்.

அருள்முருகன் இடப்பக்க மூடியைக் கழற்றினான். எஞ்சினிலிருந்து வெளியே வந்து செயினை இழுக்கும் சின்னப் பல்சக்கரத்துக்குப் பின்னால் உளுந்துச் செடி கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தது. அதை அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தான். பல்சக்கரத்தைத் தண்டில் பிடித்து நிறுத்தும் தகட்டுக்கு இரண்டு போல்ட். ஒன்றைக் காணவில்லை. இன்னொன்று கடைசி மரையில் தொங்கியது. தகடு விலகி, பல்சக்கரம் தண்டைவிட்டு வெளியே வந்திருந்தது.

பிறகு செயினை ஒரு விரலால் சுண்டினான். "இதுல வீணை வாசிக்கலாம்னு சொல்லு."

"ரோட்ட மறிச்சு வெவசாயம் பண்ணா எல்லா வண்டியும் இப்பிடித்தான் ஆவும்னு சொல்லும்மா."

கனிமொழி இரண்டையும் சொல்லவில்லை. "அண்ணா, போல்ட்டுக்கு என்னா பண்றது?" என்றாள்.

அருள்முருகன் கொஞ்சம் யோசித்து, கொட்டகையில் இருந்த மருந்தடிக்கும் மிஷினின் அடித்தகட்டிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி வந்தான். மரை பொருந்தியது. ஆனால் நீளம். முழுக்க ஏற்றினால் முனை பின்பக்கம் நீண்டு எஞ்சினைத் தேய்க்கும். பல்சக்கரத்தைத் தண்டில் தள்ளித் தகட்டைப் பொருத்தி, இரண்டு வாஷர் கோத்து நீளத்தைச் சரிக்கட்டினான். கழன்றுவிடாதிருக்க, சாக்கிலிருந்து நூல் பிரித்து இரண்டு போல்ட்டின் மரையிலும் சுற்றினான்.

அப்போது எதிரே ஒரு மினி வேன் வந்தது. நடுரோட்டில் ஆள் உட்கார்ந்திருப்பது தெரியாமல் ஏறிவிடப் போகிறதே என்று கனிமொழி முந்தானையை ஆட்டிக்கொண்டு ஓடினாள்.

அருள்முருகன் ஸ்பேனரைத் திருப்பினான். போல்ட்டோடு பல்சக்கரமும் திரும்பியது. பின்சக்கரம் உருண்டு வண்டி முன்னால் நகர்ந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

"பிரேக்க மிதி மாமா!"

மணவாளன் வலப்பக்கம் நின்று மிதித்தார். டேங்க் மறைத்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

"இன்னும் அழுத்து. வுடாத."

"வுடல. நீ திருப்பு."

"ரொம்பத் திருப்புனா முறிஞ்சிடும். ஒனக்கு எல்லாத்தயும் முறுக்கணும்."

"ஏறுச்சா?"

"ஏறிடுச்சு. அடுத்தது. மிதி."

இரண்டும் ஏறியபின் அருள்முருகன் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு நகர்ந்தான். அச்சைத் தளர்த்திச் செயினை ஒரு விரல் அளவு தொங்கவிட்டு, மறுபடி அச்சை இறுக்கினான். தடுப்பதற்காக மணவாளனின் கை முன்னால் போனது. கொட்டகை நிழலில் பெட்டி இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"போல்ட் திரும்பி வரணும் மாமா. நாளன்னிக்கு மருந்தடிக்கணும்" என்றான் அருள்முருகன்.

கடலூர் வரைக்கும் செயின் சளசளத்தது. மணவாளன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கூடத்தில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகியிருந்தது. பரிசோதிக்கும் பெண் கயல்விழி பெட்டிக்குள் இருந்த சூட்டைப் பார்த்து, "கொஞ்சம் லேட்டாயிருந்தா தூக்கிப் போட்டிருப்போம் சார்" என்றாள். அந்தக் குழந்தையின் குழாயைத்தான் முதலில் எடுத்தாள். முடிவு சாயங்காலமே போனது. மறுபடி குத்த வேண்டியிருக்கவில்லை. இடையில் நடந்தது எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியாது.

அன்று மாலை ஜோசப்ராஜ் புது போல்ட் போடுவதற்காக மூடியைத் திறந்தார். வாஷர்களைப் பார்த்தார், நூலைப் பார்த்தார்.

"யார் சார் போட்டது? வெவரமான ஆளு."

"எங்க மச்சான்" என்றார் மணவாளன்.

மறுநாள் மிஷின் போல்ட்டைத் துடைத்துத் தாளில் மடித்துக் கொண்டுபோனார். சாலையில் அன்றும் செடி கிடந்தது. அருள்முருகன் போல்ட்டை வாங்கி மரையைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த வருசமும் ரோட்ல போட்டா, எழுதித்தான் குடுப்பேன் மச்சான்."

"குடு மாமா. போலீஸ் வர்றதுக்குள்ள நாலு லாரி ஏறிடும்."

"ரெண்டு பேரும் நேரா பேசுறீங்களே, அதுவே போதும்" என்றாள் கனிமொழி.

மணவாளன் பெட்டியின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, செடி முடிகிற இடம் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்.