எட்டாவது கூடாது

செல்லக்கனியின் முன்பற்கள் இரண்டையும் தறிதான் கொண்டுபோனது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் சின்ன வயதிலிருந்தே நின்றவள். 1999 தை மாதம் பக்கத்துத் தறியிலிருந்து நாடா தெறித்து வந்து அவள் வாயில் அடித்தது. நாடா என்பது தார் எனும் நூல் சுற்றிய குச்சியை வயிற்றில் வைத்துக்கொண்டு பாவு நூல்களுக்கு நடுவே அங்குமிங்கும் ஓடுகிற மரக்கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர். அது பறந்து வந்தால் பல் நிற்குமா?

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. மம்சாபுரத்துச் சோலைராஜுக்குப் பேசி, வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. செய்தி கேட்டு வந்த மாப்பிள்ளையின் அம்மா, மாட்டுத் தாவணியில் பார்ப்பது போல வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"கழத்தி டம்ளர்ல போடுத பல்லெல்லாம் நமக்கு ஆகாது. நிலையா ஊனிக்கிட்டு வந்தா ஆவணில கல்யாணம். இல்லன்னா எம்மவனுக்கு வேற எடம் பாத்துக்கிடுதோம்."

அந்த அம்மாளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை.

நான் இருளப்பசாமி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டர் வைகுண்டராஜின் கிளினிக்கை ஒட்டி ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தேன். தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் கட்டும் வித்தையை டாக்டர் சென்னையில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். கூடவே ஒரு புது முறையும். நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்துத் திருகைச் சுற்றி வைத்தால் புண் சீக்கிரம் ஆறுமாம், எலும்பும் நன்றாகப் பிடிக்குமாம். செல்லக்கனிதான் முதல் ஆள். அதனால் இனாமாகவே செய்வதாகச் சொன்னார்.

பங்குனியில் ஒரு காலை, அம்மா சுடலையம்மாளோடு வந்தாள். ரத்தம் எடுத்து மெஷினில் சுற்றவிட்டேன். சிவப்பு கீழே இறங்க, மஞ்சள் மேலே நின்றது. மஞ்சளை மட்டும் எடுத்து மறுபடி சுற்றினேன். அடியில் சேர்ந்த தட்டணுக்களில் மருந்து விட்டதும் இளநுங்கு மாதிரி உறைந்தது.

"இது எம் ரத்தமாண்ணே? மஞ்சளால்லா இருக்கு?"

"ஒன் ரத்தந்தான் தாயி. ஒனக்கு நீயே மருந்து" என்றேன், என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி.

டாக்டர் இரண்டு திருகுகளையும் பதித்து, அந்த நுங்கைச் சுற்றிலும் வைத்து, ஈறைத் தைத்தார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் பார்த்து அவரே தமிழில் எழுதி டைப் அடித்தது. ஏழு வரிகள், எல்லாம் கூடாதுகள். துப்பக் கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் உறைந்தது பெயர்ந்துவிடும். சிகரெட் பிடிக்கக் கூடாது. இதற்குச் சுடலையம்மாளே சிரித்துவிட்டாள்.

"வேலைக்குப் போலாமா சார்?" என்று செல்லக்கனி வாயைத் திறக்காமலே கேட்டாள்.

"கனம் தூக்குற வேலையாம்மா?"

"இல்ல சார். நின்னுக்கிட்டுப் பாக்குறதுதான்."

"அப்ப நாலு நாள் கழிச்சுப் போ."

நான் பக்கத்தில்தான் பஞ்சும் கையுமாக நின்றிருந்தேன்.

ஏழு வரிகளையும் அவள் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் குமட்டியபோதுகூடத் துப்பாமல் விழுங்கினாளாம். கஞ்சியை ஆறவைத்துக் கரண்டியால் ஊட்டினாள் சுடலையம்மாள். ஐந்தாம் நாள் தறிக்குப் போனாள்.

பதினோராம் நாள் முகம் வீங்கி வந்து நின்றாள். தையல் பிரிந்து சீழ் கோத்திருந்தது. டாக்டரின் விரல் பட்டதுமே இரண்டு திருகுகளும் ஆடின.

"துப்புனியா?"

"ஆத்தா மேல சத்தியமா இல்ல சார்."

"ஸ்ட்ரா?"

"இல்ல சார்."

"பின்ன எப்படிம்மா பிரியும்? ஈறுக்குள்ள பஞ்சு கெடக்கு, பாரு!" இடுக்கியால் எடுத்து விளக்கில் காட்டினார். வெள்ளை நூல் பிசிறு.

அது தறி நூல் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. தார் தீர்ந்து புதுத் தார் போடும்போதெல்லாம், நாடாவின் பக்கத்திலுள்ள சின்னத் துளையில் வாய் வைத்து ஒரே இழுப்பில் நூலை வெளியே உறிஞ்ச வேண்டும். நாலு தறி பார்ப்பவள் ஒரு ஷிப்டில் நூறு தடவைக்கு மேல் உறிஞ்சுவாள். மூச்சு விடுவதை யார் கணக்கு வைக்கிறார்கள்? அப்படித்தான் இதுவும்.

"தாயி, நாடாவுல வாய் வச்சியா?"

"அது வேலைல்லாண்ணே" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தக் கையையே எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"இன்னொரு மட்டம் எடுங்கண்ணே. எம்புட்டு வேணும்னாலும் எடுங்க. அதே மாதிரி மஞ்சளாக்கி வச்சிருங்க. ஆவணிக்குத்தான் இன்னும் நாள் கெடக்கே."

திருகுகளைக் கழற்றியே ஆகவேண்டும், எலும்பு அரித்துவிட்டது, ஒரு வருஷத்துக்கு அங்கே எதுவும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது. கடைசியில் சுடலையம்மாள்தான் மகளின் கையைப் பிடித்து மடக்கிவிட்டாள்.

ஆவணியில் சோலைராஜுக்குக் கல்யாணம் நடந்தது, வேறு பெண்ணோடு. செல்லக்கனி கழற்றிப் போடுகிற பல்லை மாட்டிக்கொண்டு அதே கூடத்தில், அதே தறிகளுக்கு நடுவில் நின்றாள்.

டாக்டரின் தாளில் எட்டாவது வரியை நானே பேனாவால் எழுதினேன்: நாடாவில் வாய் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு தறிக்காரர் யாரும் பல் ஊன்ற வரவில்லை. டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தறிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. ஆனால் என் அம்மா முப்பது வருஷம் தறியில் நின்றவள். உதட்டில் ஒட்டிய பஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் எனக்கு முத்தம் கொடுப்பாள். அந்த ஏழு வரிகளையும் செல்லக்கனிக்கு வாசித்துக் காட்டியவன் நான்.