மணமேல்குடிக்குப் படகின் கால் பார்க்கப் போனது

மணமேல்குடிப் பக்கம் போக வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர் ஸ்டெர்ன் டிரைவ் வைத்த படகை அங்கே இறக்கப் போகிறாராம். நான் அந்த ஊருக்கு முதலில் போனது அறுபதுகளின் நடுவில், ஒரு வைகாசியில். ஊர் சுற்றப் போகவில்லை, அப்படி ஒரு படகைப் பழுது பார்க்கத்தான் போனேன். எனக்குக் கடல் ஆகாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். லாரி மெக்கானிக்குக்குத் தரை போதும்.

அப்போது புதுக்கோட்டை திருச்சி ஜில்லா, மணமேல்குடி தஞ்சாவூர் ஜில்லா. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி இருபது மைல், அங்கே பஸ் மாறி இன்னும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். டிக்கெட் எவ்வளவு என்பது மறந்துவிட்டது, குத்துமதிப்பாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வல்லத்திராக்கோட்டை தாண்டியதும் பஸ் கொதித்து நின்றது. கண்டக்டர் என் ஸ்பானர் பையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, சும்மாதானே ஒக்காந்திருக்கீங்க, இங்கிட்டு கொஞ்சம் எறங்கிப் பாருங்களேன்" என்றார். ரேடியேட்டர் ஹோஸைக் கட்டிக் கொடுத்தேன். அதற்காக டிக்கெட்டில் ஒன்றும் குறைக்கவில்லை.

என்னை வரச் சொன்னவர் சிங்காரம். பாய்வள்ளங்கள் நடுக்கடலில் பிடிக்கிற மீனை அங்கேயே வாங்கிச் சீக்கிரம் கரை சேர்ப்பது அவர் தொழில். அதற்காக நாகப்பட்டினத்தில் ஏலத்தில் ஒரு வெளிநாட்டுப் படகை எடுத்திருந்தார். இன்ஜின் படகுக்குள் இருக்கும், கியரும் தண்ணீரைத் தள்ளும் விசிறியும் படகின் பின்பக்கம் ஒரு காலைப் போல வெளியே தொங்கும். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கிக்கொள்ளலாம். மணமேல்குடிக் கடலில் அலை பேருக்குத்தான், முழங்கால் தண்ணீரும் சேறும் வெகுதூரம் போகும். அந்த இடத்துக்கு அது பொருத்தமான படகுதான், குறை சொல்ல முடியாது.

படகு கரையில் ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே தண்ணீர் ஏறி இன்ஜின் பாதி முங்கியிருந்தது. நான் பையை இறக்கி வைக்கும் முன்பே சிங்காரம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"எங்க மாப்ள பாத்த வேலைங்க இது. காலத் தூக்காம சேத்துல விட்டு இழுத்துருக்கான். கேட்டா இல்லைங்கிறான். ஒங்க வாயால அத ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன், பெயர் வேலு. படகை ஓட்டியது அவன்தான். இதே கரையில், ஊரார் முன்னால், புளுகன் என்று சொல்லி அவனை இறக்கிவிட்டிருக்கிறார். வேலு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கோட்டைப்பட்டினத்துக்குப் போய்விட்டான். தங்கை ராக்கம்மாளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். தாய் தகப்பன் இல்லை, அண்ணன் வீடுதான் தாய்வீடு. கூப்பிட ஆள் அனுப்பியதற்கு, "எம் புருசன் புளுகன்னா நான் புளுகன் பொண்டாட்டி. அந்த வீட்டுல எனக்கு என்ன வேலை" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். இதையெல்லாம் சிங்காரத்தின் மனைவி மோர் கொண்டுவந்தபோது சொன்னார். அவர் கவலையெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பிரசவம் யார் பார்ப்பது என்பதுதான்.

எனக்குக் குடும்ப வழக்கு தேவையில்லை. மூன்று பனங்கட்டைகளை முக்காலியாக நட்டு, கப்பி போட்டு, காலைக் கழற்றித் தொங்கவிட்டேன். கியர் எண்ணெயை இறக்கினால் பால் விட்ட காப்பி நிறத்தில் வந்தது. கடல்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இன்ஜினின் சுழற்சியைக் காலுக்குக் கடத்தும் யுனிவர்சல் ஜாயிண்டில் துரு. ஆனால் விசிறியின் இலை ஒன்றுகூட மடங்கவில்லை, காலின் அடியில் ஒரு கீறல் இல்லை. சேற்றிலோ சிப்பியிலோ இழுத்த கால் அப்படி இருக்காது.

படகையும் காலையும் இணைக்கிற இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை உண்டு. கடலை வெளியே நிறுத்துவது அதுதான். அது கிழிந்திருந்தது. கிழிசல் வெளியே இல்லை, மடிப்பின் உள்ளே. ரப்பர் ஊறிப்போன இட்லியைப் போல உப்பியிருந்தது, விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது. மோந்து பார்த்தேன், எண்ணெய் வாடை அடித்தது.

"இதுல என்னங்க தடவுறீங்க?"

"சொறா எண்ணெ. வெள்ளிக்கெழம தவறாம நானே தடவுவேன். வேற ஒருத்தன் கையில குடுக்கிறதில்ல" என்றார் சிங்காரம். அந்தக் கரையில் எல்லா வள்ளத்துக்கும் அதுதான் வழக்கம். பலகைக்குச் சுறா எண்ணெய் போட்டால் வெயிலும் உப்பும் தின்னாது. அவர் பலகையை முடித்துவிட்டு மிச்சத்தை ரப்பருக்கும் பூசியிருக்கிறார், ஒரு வாரம்கூட விடாமல்.

ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்றேன். அவர் நம்பவில்லை. மாற்று உறைக்கு எங்கே போவது என்று யோசித்தபடி சாப்பிட அவர் வீட்டுக்குப் போனேன். கை கழுவக் குனிந்தால், தண்ணீர்ப் பானைக்கு அடியில் பிரிமணையாக அதே மாதிரி உறை இன்னொன்று. படகோடு வந்த சாமான் பெட்டியில் கிடந்ததாம். என்னவென்று யாருக்கும் தெரியாததால் அந்த அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அத எடுத்துட்டா பானைய எங்கங்க வைக்கிறது?" என்று அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

இரண்டையும் சிங்காரத்தின் கையில் கொடுத்தேன். ஒரே ரப்பர், ஒன்றாக வந்தது. பானைக்கு அடியில் நாளும் ஈரத்தில் கிடந்தது விறைப்பாக இருந்தது. எண்ணெய் குடித்தது தொளதொளத்தது. அவர் இரண்டையும் மாறி மாறி அமுக்கினார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீங்க வந்து மாப்ளகிட்ட சொல்லுவீங்களா?" என்றார்.

"ரப்பரப் பத்தி ஒங்ககிட்ட சொல்லிட்டேன். மத்தது நீங்க பேசுறது" என்றேன்.

சிங்காரம் கிழிந்த உறையைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டைப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார். நான் இன்ஜினில் ஏறிய தண்ணீரை வடித்துக் கழுவி, கியர் பெட்டியை டீசல் விட்டு இரண்டு தரம் அலசி, புது எண்ணெய் ஊற்றி, ஜாயிண்டுக்கு நான் கொண்டுபோன லாரி பேரிங்கைப் போட்டு, பிரிமணையை மாட்டி முடித்தேன்.

மறுநாள் மூவரும் வந்தார்கள். வேலு நேரே படகுக்குப் போய் உறையை அமுக்கிப் பார்த்தான். ராக்கம்மாள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு இங்கதானே சொன்னீக. இதையும் இங்கயே சொல்லுங்க."

வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிங்காரம் அவர்கள் பக்கம் திரும்பினார். "எண்ணெ போட்டுக் கெடுத்தது நான். மாப்ள மேல தப்பில்ல" என்றார். அவள் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

படகு இறக்கப் போகிறவருக்கு: உறையைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் துடையுங்கள். கிரீஸ் உள்ளே ஜாயிண்டுக்குத்தான். கியர் எண்ணெய் வெளுத்தால் அன்றே படகை நிறுத்துங்கள். வெறுமனே ஊர் பார்க்கப் போகிறவர்கள் வெயில் ஏறும் முன் கரைக்குப் போங்கள், நிழல் கிடையாது.

அடுத்த வருஷம் கியர் எண்ணெய் மாற்றப் போனேன். ராக்கம்மாளின் பெண்குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. தண்ணீர்ப் பானை அந்தக் கிழிந்த உறையின் மேல் உட்கார்ந்திருந்தது. நல்ல பிரிமணை ஒன்று வாங்கக் கூடாதா என்று சிங்காரத்திடம் கேட்டேன்.

"தங்கச்சி எடுக்க விட மாட்டேங்குதுங்க. வீட்டுக்கு வர்ற ஆளெல்லாம் அது என்னன்னு கேக்குறாக. ஒவ்வொருத்தருக்கும் நானே சொல்ல வேண்டியிருக்கு."