மஞ்சள் பலகைக்கு அங்கால் நின்ற நாய்

எங்கள் கீழ்வீட்டில் பென்சன் எடுத்த நாயொன்று இருந்தது. பந்தயங்களில் ஓடி ஓடி, இனிமேல் பரிசு வாங்காது என்று கைவிடப்பட்ட அதை, தனியாக வாழ்ந்த ஜெர்மன் அன்ரி ஒருவர் எடுத்து வளர்த்தார். எலும்பும் தோலுமான அந்தச் சீவனுக்குக் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டை வேறு. "நாய்க்குப் பென்சன் குடுக்கிற நாடு, எங்களுக்கு ஒரு விசா தர ஏலாமல் கிடக்கு" என்பார் சித்தப்பா.

பீலெஃபெல்ட் நகரத்தின் ஓரத்தில், அகதி மனுவுக்கு முடிவு வராமல் நாங்கள் காத்திருந்த காலம் அது. அப்பா ஊரில் விளையாட்டு ஆசிரியர். பள்ளிக்கூடத்தையே ஓடவைத்த மனிதர், இங்கே வேலை செய்ய அனுமதியில்லாமல் ஜன்னலோரம் இருந்தார். அன்ரிக்கு முழங்கால் நோவு வந்து, நாயை நடத்திப்போகும் வேலை அப்பாவிடம் வந்ததும், அவர் தினமும் சவரம் செய்யத் தொடங்கினார்.

ஞாயிறு காலைகளில் இப்படியான நாய்களை வளர்ப்பவர்கள் எல்லோரும் வயல்வெளியில் கூடுவார்கள். எந்த நாய்க்குக் கால் நோகிறது, எது சோபாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது என்பதுதான் பேச்சு. அப்பாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அவர்கள் கைகொடுத்து, அவருக்கும் கோப்பி ஊற்றித் தருவார்கள். எட்டு வயது மொழிபெயர்ப்பாளினியான எனக்கு பிஸ்கட். அவர்களிடம் ஒரேயொரு சட்டம்தான் இருந்தது. நாயின் கழுத்துவாரைக் கழற்றக் கூடாது; ஓடுகிற எதையாவது கண்டால் பிறகு இந்த நாய்களுக்குக் காது கேளாது. அன்ரி சொன்னதை நான்தான் அப்பாவுக்குச் சொன்னேன்.

ஒருநாள் சித்தப்பாவும் எங்களோடு நடக்க வந்தார். கட்டிய நாயைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஊரில் நாய்கள் ஒழுங்கை, தெருவெல்லாம் சுற்றிவிட்டுச் சோற்று நேரத்துக்குத் தாமாகவே வந்து நிற்கும்.

"பாவம் அண்ணை, ஓடிப் பழகின சீவன். ஒருக்கா விடுங்கோ. பசிச்சா வரும்தானே."

அப்பா முதலில் மறுத்தார். கட்டுண்டு கிடப்பதைப் பார்ப்பது அவருக்கும் உள்ளூர வருத்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடைசியில் அவரே குனிந்து வாரைக் கழற்றினார்.

நாய் எங்களைச் சுற்றி வட்டமடித்தது. அழகென்றால் அப்படியோர் அழகு. ஜெர்மனிக்கு வந்தபிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அப்போது பார்த்து ஒரு முயல் எழும்பியது.

முயலைத் துரத்திய நாய்க்குப் பின்னால் அப்பா ஓடினார். வயலைத் தாண்டிப் பெரிய தெருவுக்கு ஏறினார். அங்கே, நகரம் முடிகிறது என்று ஒரு மஞ்சள் பலகை நின்றது.

"அண்ணை, நில்லுங்கோ! அங்காலை போனா கேஸ் பழுதாப் போம்!" என்று சித்தப்பா கத்தினார்.

அகதி மனுப்போட்டவர்கள் அனுமதியில்லாமல் அந்த நகர எல்லையைத் தாண்டிப் பிடிபட்டால் மனுவுக்கே வில்லங்கம் என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கேஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அப்பா பலகையடியில் நின்றுவிட்டார். முயலைத் தவறவிட்ட நாய், கூப்பிடு தூரத்தில் நின்று எங்களைப் பார்த்தது. அப்பா விசிலடித்தார், கெஞ்சினார். நான் ஓடப்போக, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாய் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டது.

பின்னேரம் நாய்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தேடினார்கள். கார் அடித்துத் தெருவோரம் கிடந்ததைத்தான் தூக்கி வந்தார்கள். அன்ரி அழுதார், திட்டவில்லை. நான் நடந்ததைச் சொன்னதும், கண்ணெதிரே நின்றதை ஏன் போய்ப் பிடிக்கவில்லை என்று மட்டும் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அப்பா நிலத்தைப் பார்த்தபடி, "களைச்சுப் போனன் எண்டு சொல்லு" என்றார்.

சொன்னேன். அன்ரி தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு நாய்க்காரர்களில் ஒருவர் வீடுதேடி வந்து அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா போகவில்லை, பிறகு ஒருநாளும் போகவில்லை. எனக்கு அவரில் தீராத கோபம். இன்னும் நாலு எட்டு வைக்க ஏலாமல் களைத்துப்போனவர் என்ன விளையாட்டு வாத்தியார் என்று வெட்கப்பட்டேன்.

கேஸ் என்றால் என்னவென்று வளர்ந்தபிறகுதான் அறிந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்ரிக்கு விளங்கியிருக்கும். ஆனால் தன்னையும் ஒரு ஆளாக மதித்துக் கைகொடுத்தவர்கள் முன்னால், ஒரு பலகையைத் தாண்ட அனுமதியில்லாத மனிதன் என்று நிற்பதைவிட, ஓட ஏலாதவன் என்று நிற்பது அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இரண்டிலும் எது பெரிய வெட்கம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.