எரியாத சிவப்பு விளக்கு

நான் கண்டதையும் என்னிடம் நேரில் சொல்லப்பட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஒரு பெண்ணின் உடல்நலம் பற்றிய செய்தி இது. செவிவழிச் சேதியைச் சேர்ப்பது முறையன்று.

1991ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே மின்சுருள், அதாவது காயில், சுற்றும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தேன். என் பிரிவில் பன்னிரண்டு பெண்கள். மிதியைக் காலால் அழுத்தினால் இயந்திரம் சுழலும். காலை எடுத்தால் நிற்கும். அப்போது ஒவ்வோர் இயந்திரத்திலும் மின்னணுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் இயந்திரம் நின்றால் சிவப்பு விளக்கு எரியும். நின்ற நேரம் சீட்டில் அச்சாகும். அச்சீட்டைத் தினமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை. தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்கும்போது அதையே பார்ப்போம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

பெண்கள் அவ்விளக்குக்கு ‘நாத்தனார்’ என்று பெயரிட்டார்கள். “நாத்தனாரு முழிச்சிக்கப் போறா, சீக்கிரம் குந்துடி” என்று தமக்குள் சிரிப்பார்கள். இரண்டே வாரத்தில் விளக்குகள் எரிவது அரிதாயிற்று. நான் பெருமைப்பட்டேன்.

கடைசி வரிசையில் இருந்தவர் நான்காண்டுகளாக நிரந்தரத்துக்குக் காத்திருந்தவர். அவருடைய சீட்டில் நிறுத்தமே இராது. ஒருநாள் பிற்பகல், விளக்குகளை நோட்டமிட்டபடி அவரைக் கடந்து சென்றேன். சிவப்பு இல்லை. நாலடி நகர்ந்திருப்பேன், பக்கத்து இயந்திரத்துப் பெண்ணின் குரல் கேட்டது.

“மேடம், வெளக்கையே பாத்துகினு போறீங்களே, அக்கா மூஞ்சப் பாத்தீங்களா?”

அவர் தலை மேசைமீது சாய்ந்திருந்தது. நினைவில்லை. கால் மட்டும் மிதியின்மேல் கிடந்தது. இயந்திரம் சுழன்றுகொண்டே இருந்தது. நாங்கள் அவரைத் தூக்கிய பிறகுதான் அவருடைய விளக்கு எரிந்தது.

உடலில் நீர் வற்றிவிட்டது என்றார் மருத்துவர். மறுநாள் காரணம் கேட்டபோது பக்கத்துப் பெண்ணே சொன்னார்: “தண்ணி குடிச்சா கக்கூசுக்குப் போவணும். அது வாசல் கேட்டாண்ட கீது. போய் வர்றதுக்குள்ள நாத்தனாரு முழிச்சிக்குவா. அதான் யாருமே குடிக்கறதில்ல.”

தண்ணீர்ப் பானை என் மேசைக்கு எதிரில்தான் இருந்தது. மாலைவரை அது நிறைந்தே இருந்ததை நான் கவனித்ததில்லை.

அன்று முதல் ஒவ்வொருவராக எழுந்து போகச் சொல்லி, அவர்கள் இடத்தில் நான் உட்கார்ந்து மிதியை அழுத்தினேன். “மேடம் சுத்துன காயிலு தேங்கா மூடி மாதிரி கீது” என்று கேலி செய்துகொண்டே, திரும்பி வந்தவர் அதைப் பிரித்துச் சுற்றுவார். மேலாளரிடமும் நடந்ததைச் சொன்னேன். பெட்டிகளை அகற்ற அவர் இசையவில்லை. சீட்டைப் பலகையில் ஒட்டாதிருக்கவும், நிரந்தரமாக்க என் பரிந்துரையைக் கேட்கவும் இசைந்தார். நான் எழுதிய முதற்பரிந்துரை கடைசி வரிசைக்காரருக்கு. அவ்வாண்டே அவர் நிரந்தரமானார்.

எவருடைய வேலையைப் பார்க்கும் முன்பும் அவர் முகத்தைப் பார்க்கும் வழக்கம் எனக்கு அங்கே வந்தது. மயங்கி விழுவதற்கு முன் எத்தனை நாள் தாகத்தோடு உட்கார்ந்திருந்தீர்கள் என்று கடைசி வரிசைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். “வுடுங்க மேடம்” என்று சிரித்துவிட்டார். அது எனக்கு இன்றும் தெரியாது.