சட்டைப் பையில் ஃப்யூஸ்

திருவனந்தபுரத்தில் அரசு தீவன ஆலை ஒன்றில் வேலை செய்கிறேன். மாட்டுத்தீவனம் கலக்கும் தொட்டிக்குள் இறங்கி, ஒட்டியதைச் சுரண்டுவது என் பணி. ஒருநாள் விட்டாலும் பூஞ்சை பிடிக்கும், அதை வாயில்லா ஜீவன் தின்னும் என்பதால் விட்டதே இல்லை. நான் உள்ளே இருக்கும்வரை சூப்பர்வைசர் சுவிட்சருகே நிற்க வேண்டும். எங்கள் சாரோ காலையில் வந்து விரல் வைத்து வருகையைப் பதிவு செய்ததும், தன் மனை வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுவார்.

அன்றும் கிளம்பினார். தொட்டி காலியென்று நினைத்த புது ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டார். காலடியில் தீவனம் கலக்கும் இரும்புத் தகடுகள் முனகி அசைந்தன. என் கூச்சல் அந்த இரும்புக்குள்ளேயே சுற்றியது. பெருக்க வந்த லதா சேச்சி, "எடா, ஆஃப் பண்ணு! அண்ணன் உள்ளே இருக்காரு!" என்று அலறியதால் பிழைத்தேன்.

மதியம் திரும்பிய சார், "ஒண்ணும் ஆகலையல்லோ? பின்னே எதுக்கு வெறுதே பெரிசாக்கணும்?" என்றார். மெமோ எனக்குத்தான் வந்தது. மேற்பார்வையாளர் இல்லாமல் உள்ளே இறங்கியது ஒழுங்கீனமாம்.

இப்போதெல்லாம் இறங்குமுன் மோட்டாரின் ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். "என் மேல அவ்வளவு நம்பிக்கையாடே?" என்று எல்லோர் முன்னும் சார் கேலி செய்தார்.

"ஃப்யூஸ் எங்கிட்ட இருக்கு சார். நீங்க தைரியமா வெளியே போகலாம்" என்றேன்.