கொசுவின் பழியைச் சுமந்தவர்

நேற்று திருப்பரங்குன்றத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அலைபேசி அடித்தது. பழைய அலுவலகத்து மாரி பேசினார். “சார், நம்ம இருளப்பண்ணே காலையில தவறிட்டாரு. அவனியாபுரத்துல மக வீட்லதான் போட்டிருக்கு. வாரீகளா?”

வருகிறேன் என்றேன். ஆனால் கிளம்பக் கால் வரவில்லை. அதன் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருளப்பன் அவர்கள் சுகாதாரப் பிரிவில், மலேரியாக் கொசுவுக்கு வீட்டுச் சுவர்களில் மருந்து அடித்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஆய்வாளராகச் சேர்ந்தபோது அங்கே அவர்தான் மூத்த பணியாளர். வாளியில் மருந்துத் தூளைக் கரைக்கும்போது யாரோடும் பேச மாட்டார். கோரிப்பாளையத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தண்ணீர்க் குடங்களை மூடுவார். பிள்ளையை வெளியே தூக்கிப் போகச் சொல்வார். பீரோவை நகர்த்திப் பின்சுவரிலும் அடிப்பார். “கொசு மூலையப் பாத்துத்தான் உக்காரும் சார். நம்மளும் மூலைக்குப் போவணும்ல?” என்பார்.

சில ஆண்டுகள் கழித்து அவனியாபுரத்தில் ஒரு தெரு முழுக்கக் காய்ச்சல். இருமுறை மருந்து அடித்தும் கொசு குறையவில்லை. விசாரிக்கப் போன என்னை ஒரு பெண்மணி வீட்டுக்குள் அழைத்துச் சுவரைக் காட்டினார். “எம்புட்டுக் கொசு உக்காந்திருக்கு பாருங்க. மருந்தா அடிச்சாரு? வெறும் தண்ணி!”

மேலதிகாரிகளின் நெருக்கடி வேறு. இருளப்பனைக் கூப்பிட்டு, தெருவே பார்க்க, “மருந்தை எங்க வித்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. “என் கை அளவு தப்பாது சார். நீங்களே கலந்து குடுங்க, இதே சுவத்துல அடிக்கிறேன். நாளைக்கு வந்து பாப்போம்.”

கலந்து பார்க்க அரைமணி நேரம் போதும். நான் பார்க்கவில்லை. அவரைச் சாக்கடை தூர்வாரும் பணிக்கு மாற்றினேன்.

அடுத்த ஆண்டு பூச்சியியல் நிபுணர் ஒருவர் வந்தார். அதே தெருவில் பிடித்த கொசுக்களை, சரியான அளவில் மருந்து தோய்த்த தாள் வைத்த குழாய்க்குள் ஒரு மணி நேரம் விட்டார். மறுநாள் பார்த்தால் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. “பல வருஷமா ஒரே மருந்து. தாங்காதது செத்துப்போச்சு, தாங்குனது பெருகிருச்சு” என்றார்.

மருந்து மாறியது. இருளப்பனைப் பழைய வேலைக்கே அழைத்துக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை. மாரி சொல்லிவிட்டார் போலும். ஒருநாள் இருளப்பன் என் மேசை முன் வந்து நின்றார்.

“சார், அன்னைக்குத் தெருவுல சொன்னத அதே தெருவுல ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிருங்க. எம் மகள அங்கதான் கட்டிக் குடுத்திருக்கேன்.”

“பாக்கலாம்” என்றேன். என் மதிப்புப் போய்விடுமே என்ற பயம். அவர் மறுபடி கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை தினமும் எனக்கு வணக்கம் மட்டும் சொன்னார்.

நேற்று அந்தத் தெருமுனையில் வழி கேட்டேன். “தண்ணி மருந்துக்காரர் வீடா? நேராப் போங்க” என்றார் கடைக்காரர். குரலில் கேலி இல்லை. அதுவே இருளப்பனின் பெயராகிவிட்டிருந்தது.

பந்தலில் மாலையைப் போட்டுவிட்டு, கூடியிருந்தவர்களிடம் சொன்னேன். “இவர் அடிச்சது சரியான மருந்து. கொசுதான் அதுக்குச் சாகாமப் பழகியிருந்துச்சு. தெரிஞ்சும் நான் சொல்லல.”

மகள் பாண்டிச்செல்வி அழுகையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். “இத அப்பா காது கேக்கையில சொல்லியிருக்கலாம்ல, சார்?”

இருளப்பனைத் தூக்கியபோது தோள் கொடுக்கப் போனேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் விலகி இடம் தரவும் இல்லை. ஊர்வலத்தின் கடைசி ஆளாகப் பின்னால் நடந்தேன்.

போய் வாருங்கள், இருளப்பன் அவர்களே. உங்கள் கை அளவு தப்பவில்லை.